பஞ்சுக் கிடங்கு திருப்பித் தந்த குரல்

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் ஒரு புளியமரம் உண்டு. அதில் முனி இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பையன்களிடையே கதை கிளம்பும். கிளம்பியதும் நான் ஒன்றும் பேசமாட்டேன், கரும்பலகையைத் தூக்கிவரச் சொல்லி அந்த மரத்தடியிலேயே ஒரு வாரம் வகுப்பு எடுப்பேன், கதை தானாக அடங்கிவிடும். பாளையங்கோட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ராகுகாலம் பார்த்ததில்லை, பூனை குறுக்கே போனால் நின்றதில்லை. அப்படிப்பட்ட ஒருவன் சொல்கிறானே என்பதற்காகவாவது இதை முழுக்கக் கேளுங்கள். கேட்டு முடித்துச் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது தச்சநல்லூரில் குடியிருந்தோம். என் அக்கா கோமதி விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே நூல் மில்லில் வேலை. அவர்களுக்கு ஒரே பெண், உலகு, அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் காலாண்டு விடுமுறைக்கு மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கோயில், ஆறு எல்லாம் அக்காவுக்கு அலுத்துப்போன விஷயம். "ஏலே தம்பி, இத்தனை வருஷமா பாளையங்கோட்டைல வேலை பாக்குத, அங்கன என்ன இருக்குன்னு ஒரு நாளாவது காட்டியிருக்கியா?" என்றாள். சரி என்று ஒரு நாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வடிவு எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொடுத்து, கூடவே வந்தாள். எங்கள் பையன் லீவுக்கு அவன் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தான்.

தேவாலயத்து ஊசிக்கோபுரத்தைக் காட்டினேன். பழைய கோட்டையில் மிச்சமிருக்கும் கொத்தளத்தைக் காட்டினேன், அதன்மேல் போலீஸ் ஸ்டேஷன் நடப்பதைப் பார்த்து உலகு பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அந்தப் பஞ்சுக் கிடங்குக்குப் போனோம்.

இப்போது நீங்கள் போய்த் தேடினால் கிடைக்காது. அப்போதே பாதிப் பேருக்குத் தெரியாது. கோட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் திரும்பினால், கம்பெனிக்காரன் காலத்தில் கட்டிய நீளமான கட்டடம் ஒன்று இருந்தது. பஞ்சுப் பொதி அடுக்கிவைத்த இடம் என்பார்கள் சிலர், சிப்பாய்களுக்கு அரிசி வைத்திருந்த இடம் என்பார்கள் சிலர். ஊர்ப் பெரியவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து அதை ஒரு சின்ன அருங்காட்சியகமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். முன்கட்டில் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்று, விளிம்பு உடைந்தது, துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள், பழைய காசுகள், மூக்கு உடைந்த சிலைகள், அவ்வளவுதான். பின்கட்டு முழுக்கக் காலி. ஈரம் ஏறும் என்று அங்கே எதையும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் சுவர் வளைந்து மேலே போய்க் கூடி, குப்புறக் கவிழ்த்த ஓடம் மாதிரி இருக்கும் அந்த நீளக் கூடம். கோடியில் ஒரு சின்ன ஜன்னல். நம்பினால் நம்புங்கள், வந்தவர்களில் பெரும்பாலோர் தாழியைப் பார்க்க வரவில்லை, அந்தக் காலிக் கூடத்துக்குத்தான் வந்தார்கள். வாசல் பக்கம் நின்று கூப்பிட்டால், கோடிச் சுவர் அதே சொல்லைச் சுத்தமாகத் திருப்பிக் கூப்பிடும்.

டிக்கெட் கொடுப்பது பாக்கியம் என்கிற அம்மாள். எப்போதும் மடியில் வயர் கூடை பின்னிக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்க்காமலே டிக்கெட்டைக் கிழித்துத் தருவாள். பின்கட்டைக் காட்டி, "உங்க பேரைச் சொல்லிக் கூப்புடுங்க, அதுவும் கூப்புடும்" என்பாள். அதற்குமேல் அவளுக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றித் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

முதலில் உலகு கூப்பிட்டாள். "உலகூ!" சுவர் "உலகூ" என்றது. குதித்தாள். அத்தான் கூப்பிட்டார், வந்தது. வடிவு கூச்சப்பட்டுக்கொண்டு சின்னக் குரலில் என் பேரைச் சொன்னாள், அதுகூட வந்தது. அப்புறம் அக்கா. எங்கள் அக்காவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெருவில் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல். "தம்பீ!" என்று கூப்பிட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். கூடம் அப்படியே கம்மென்று இருந்தது. மெத்தைமேல் பேசினால் எப்படி அடங்கிப்போகும், அப்படி. அத்தான் சிரித்துவிட்டார். "வீட்ல இவ போடுத சத்தத்துக்கு நான்தான் பதில் சொல்ல முடியாம கெடக்கேன்னு பாத்தா, சுவருக்கும் அதே கதிதான் போல மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தாள். ஆனால் எனக்கு வாத்தியார் புத்தி. நிற்கிற இடம் சரியில்லை, முகம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, நான் நின்ற இடத்திலேயே அவளை நிறுத்தி, தோளைப் பிடித்து நேராகத் திருப்பி, மறுபடி கூப்பிடச் சொன்னேன். வரவில்லை. அதே இடத்தில் உலகுவை நிறுத்தினேன், வந்தது. ஒலி அலை, குரலின் சுருதி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒட்டவில்லை.

வெளியே வரும்போது அக்கா, "எல்லாருக்கும் குடுத்துட்டு எஞ்சத்தத்தை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டுதே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அதோடு மறந்துவிட்டேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றாம் வகுப்பில் ஒலி பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பையன்களை அந்தக் கூடத்துக்கே கூட்டிப்போய் எதிரொலியைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. பாக்கியத்திடம் கேட்டு வைக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். தூறல். சந்தில் ஆள் இல்லை. பாக்கியம் வழக்கம்போலக் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். "மொதல்ல டிக்கெட்டை வாங்கிட்டு உள்ள போங்க சார், எடத்தை நடத்துத பெரியவிய வந்தா நாந்தான் பதில் சொல்லணும்" என்றாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பின்கட்டில் நுழைந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கோடிச் சுவர் எவ்வளவு தூரம் இருக்கும் என்று மனசில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கோடியிலிருந்து என் அக்காவின் குரல் வந்தது.

"தம்பீ! கதவைத் தள்ளுலே! பிள்ளையும் உள்ள கெடக்கா!"

பிரமை என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடியது. மில் சங்கு, ஷிப்டுக்கு ஊதுகிற சைரன். அக்கா வீட்டில் தங்கிய நாளெல்லாம் காலையில் என்னை எழுப்பியது அந்தச் சங்குதான், அதை நான் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன். பாளையங்கோட்டையில் ஏது மில்? சங்கு அடங்கியது, கூடம் பழையபடி ஆனது, வெளியே தூறல் விழுகிற சத்தம் மட்டும்.

நான் அங்கேயே நிற்கும்போது பாக்கியம் கையில் பாதிப் பின்னிய கூடையோடு உள்ளே வந்தாள், முகத்தில் கோபம். "சார், படிச்சவிய இப்படிச் செய்யலாமா? ஒரு டிக்கெட்டை வாங்கிட்டு ரெண்டு பேரு போனா எப்படி? எங்க அந்தப் பொம்பள?" என்று சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி. என் முகத்தைப் பார்த்தாள். வேகமாக வெளியே போய்விட்டாள்.

ஜங்ஷனுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கும் போகவில்லை, பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு வடிவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, அக்கா ஊர் வழியாகப் போகிற பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். மழையில் பஸ் ஊர்ந்தது. அம்பாசமுத்திரம் தாண்டும்வரை எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். யாரோ ஒருத்தி தெருவில் கத்தியிருப்பாள், ஜன்னல் வழியாக வந்திருக்கும், சங்கு மாதிரி ஏதோ லாரி ஹாரன். ஆனால் எந்த நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பவில்லை.

அக்கா வீட்டு வாசலில் நனைந்துபோய் நிற்கிறேன், அவள் அடுக்களையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். ஒன்றும் ஆகவில்லை. உலகு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். "என்னலே இது, சொல்லாம கொள்ளாம? வடிவோட சண்டையா?" என்றாள் அக்கா. சும்மா பார்க்கணும் போல இருந்தது, வந்தேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். சொதி வைத்தாள், உருளைக்கிழங்கு பொரித்தாள். அத்தான் காலை ஷிப்ட் என்று சீக்கிரம் படுத்துவிட்டார். நான் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்தேன். பழைய வரிசை வீடு. முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு அறை, கடைசியில் அடுக்களை. அடுக்களைச் சுவர் மட்டும் மண்ணும் செங்கலும் கலந்து கட்டியது, மழையில் கொஞ்சம் ஊறியிருந்தது. கதவு நன்றாகத்தான் திறந்து மூடியது. "என்னலே, வீட்டை விலைக்கு வாங்கப் போறியா?" என்று அக்கா கேலி செய்தாள்.

விடிகிற நேரம். அத்தான் கிளம்பிப் போய்விட்டார். நான் முன்னறையில் பாயில் விழித்துக் கிடந்தேன். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அக்கா நடமாடுகிற சத்தம், உலகு ஏதோ கேட்கிற சத்தம். அப்போது சங்கு ஊதியது.

நான் எழுந்துவிட்டேன். யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து அடுக்களைக் கதவுக்குப் போய்விட்டேன், இதை அடித்துச் சொல்வேன். கதவின்மேல் கை வைக்கிறேன், உள்ளே பெரிதாக ஏதோ முறிகிற சத்தம், கதவு நிலையோடு சேர்ந்து ஒரு பக்கமாக இறங்கிப் பிடித்துக்கொண்டது. சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.

"தம்பீ! கதவைத் தள்ளுலே! பிள்ளையும் உள்ள கெடக்கா!"

அதே சொல். ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அந்த 'லே'யில் இருந்த உடைசல்கூட அதே.

தோளால் இடித்தேன், அசையவில்லை. மூலையில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிக் கீழ்ப் பலகையில் ஓங்கி ஓங்கிப் போட்டேன். பலகை பிளந்தது. அந்த ஓட்டை வழியாக முதலில் உலகுவின் கை வந்தது, பிடித்து இழுத்தேன். அப்புறம் அக்கா, தோளெல்லாம் மண், ஒரு கால் உத்திரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. கத்திக்கொண்டே காலை உருவினாள். அவளை முன்னறை வரை இழுத்து வந்திருப்பேன், பின்சுவர் மொத்தமும் உள்பக்கமாகச் சரிந்தது. அடுப்பு இருந்த இடமே தெரியவில்லை. மழை நேராக வீட்டுக்குள் பெய்தது.

அக்காவுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அத்தான் மில்லிலிருந்து ஓடி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் வரலைன்னா மாப்ளே, ரெண்டு பேரையும் நான் வாரித்தான் எடுத்திருக்கணும்" என்றார். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தெய்வமாப் பாத்து அனுப்பியிருக்கு என்றார்கள்.

அன்று சாயங்காலம் பக்கத்தில் யாரும் இல்லாதபோது அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கிடங்கு, குரல், சங்கு, பாக்கியம் டிக்கெட் கேட்டது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் கும்பிடவில்லை.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காத" என்றாள். "ஞாயித்துக்கெழமை நான் அந்நேரத்துக்கு அடுக்களைக்குப் போறதே கெடையாது. அத்தானுக்கு மில் கேண்டீன்லயே காப்பி. நானும் பிள்ளையும் வெயில் வந்தப்புறம்தான் எந்திப்போம். நீ வந்திருக்கியேன்னுதான் வெள்ளன எந்திச்சு உனக்குக் காப்பி போடப் போனேன். மாமாவுக்கு நான்தான் கொண்டு குடுப்பேன்னு அவளும் பின்னாலேயே வந்துட்டா."

நான் அந்தக் குரலைக் கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். போகாமல் இருந்திருந்தால் அவள் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது. சுவர் ஆளில்லாத அடுக்களைக்குள் விழுந்திருக்கும், காலையில் எழுந்து பார்த்துப் பாத்திரம் போச்சே என்று புலம்பியிருப்பார்கள். ஒலி போனால்தான் எதிரொலி வரும் என்று எத்தனை வருஷம் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே எதிரொலி முதலில் வந்தது, அதைக் கேட்டு நான் ஓடிப்போய் ஒலியை உண்டாக்கினேன். எது எதற்குக் காரணம்? அக்கா இதை அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. என்னையும் சொல்லவேண்டாம் என்றாள். "இனிமே அங்கன போகாதலே" என்றாள்.

நான் போனேன். அதுதான் என் தலையெழுத்து.

அந்தக் கட்டடத்தில் விரிசல் கண்டுவிட்டது, மூடப்போகிறார்கள் என்று அடுத்த கோடையில் கேள்விப்பட்டேன். பரீட்சை முடிந்த சமயம். கடைசியாக ஒரு தடவை போய் நின்று, ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு வந்துவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தேன். நல்ல வெயில். முன்கட்டில் சிலைகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், தாழியை வைக்கோல் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பாக்கியம் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். டிக்கெட் கேட்கவில்லை. "சீக்கிரம் பாத்துட்டு வந்துருங்க சார்" என்றாள்.

கூடத்தில் போய் நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வண்டிச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன்.

கோடியிலிருந்து ஒரு ஆண் குரல். கரகரப்பான, காற்று கலந்த கிழட்டுக் குரல். எங்கிருந்தோ ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கத்துகிற குரல்.

"யாழினி! கையை விடாத! யாழினி, கையை விடாத!"

அவ்வளவுதான். நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் வெளியே வந்தேன். அந்த முதல் வார்த்தை எனக்குப் புரியவே இல்லை. இப்போது வகுப்புக்கு இரண்டு பேராவது அந்தப் பேரில் இருக்கிறார்கள், அப்போது அப்படி ஒரு பேரை நான் கேள்விப்பட்டதே கிடையாது. அது பேர் என்றே தோன்றவில்லை. குரலும் எனக்குத் தெரிந்தவர் யாருடையதும் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, வேறு யாருக்கோ உள்ளது, நம்முடையது இல்லை என்று.

வாசலில் பாக்கியம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "அது யாரு சார்? உங்க அப்பாவா?" என்றாள்.

"ஏன் அப்படிக் கேக்கிய?"

"சாயல் உங்க கொரல் மாதிரியே இருந்துது. வயசானவரு கொரல்."

என் அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். நான் கிளம்பிவிட்டேன். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள், இப்போது அங்கே ஒரு வணிக வளாகம் இருக்கிறது. சாமான்கள் எங்கே போயின என்று தெரியாது. பாக்கியத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை.

வருஷங்கள் ஓடின. அக்கா நன்றாக இருக்கிறாள், மழைக்காலத்தில் கணுக்கால் வலிக்கிறது என்பாள். உலகுவுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது போனில் பேரைச் சொன்னான். நல்ல தமிழ்ப் பேரா வைக்கணும்னு தேடி எடுத்தோம் அப்பா, யாழினி, எப்படி இருக்கு என்றான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினான். கோமதி என்று வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். காரணம் சொல்லாமல் எவ்வளவு தூரம்தான் பிடிவாதம் பிடிப்பது?

பேர்தானே, ஆயிரம் பேருக்கு இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். போன வருஷம் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்தபின் டாக்டர் பேசச் சொன்னார். வடிவைப் பார்த்து, தண்ணீர் கொடு என்றேன். கரகரப்பாக, காற்று கலந்து வந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். சரியாகவில்லை.

அதற்கப்புறம்தான் வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு யோசித்துப் பார்த்து, "அக்காவுக்கு நல்லபடியாத்தான முடிஞ்சுது, நீங்க பக்கத்துல இருந்ததுனாலதான" என்றாள். பேத்திக்கு இப்போது ஆறு வயது. லீவுக்கு வந்தால் தாத்தா ஆத்துக்குப் போவோம், தாத்தா பாலத்துக்குப் போவோம் என்று என் விரலைப் பிடித்து இழுக்கிறாள். நான் கூடப் போவதா, போகாமல் இருப்பதா? கூட இருந்தால்தான் காப்பாற்ற முடியும். கூட இருந்தால்தான் அது நடக்கும் என்றால்? குட்டி, கண்ணு, பாப்பா என்று என்னவெல்லாமோ சொல்லிக் கூப்பிடுகிறேன். போன தடவை வந்தபோது, "எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க, நீ மட்டும் ஏன் தாத்தா கூப்பிட மாட்டேங்குற?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன அன்று வடிவு என்னிடம் ஒன்று கேட்டாள். "கையை விடாதன்னு சொன்னதுக்கு அப்புறம் அங்கன என்ன சத்தம் கேட்டுது? பிள்ளை தாத்தான்னு ஏதாவது சொல்லிச்சா?"

அன்று அந்தக் கூடத்தில் நான் காத்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா. அதற்காகத்தான் காத்திருந்தேன், இவ்வளவு பதறிக் கூப்பிடுகிறவருக்கு யாராவது ஒரு பதில் கொடுப்பார்களே என்று.

ஒன்றுமே கேட்கவில்லை.